வராத பஸ்களின் பட்டியல்

1. ராஜினாமா

சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டேட்டா அனலிஸ்டாக இருந்தேன். தினமும் விடியுமுன் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போய், யாருடைய பெட்டியோ எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும் என்று கணக்கு மாடல் கட்டுவது என் வேலை. ஐம்பத்தொரு வயதில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

“அடுத்து என்ன செய்யப் போறீங்க மேடம்?” என்றார் மேனேஜர்.

“பஸ்ஸுல ஊர் சுத்தப் போறேன் சார். மலேசியா பூரா. எந்த பஸ் எத்தன நிமிஷம் லேட்டுன்னு எழுதி மேப் போடப் போறேன்.”

“இதுக்கு யாரு சம்பளம் குடுப்பா?”

“யாரும் குடுக்க வேணாம். என் ஆசைக்குப் போறேன்.”

அவர் சிரித்தார். சிரிக்கட்டும். கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று சொந்த ஊரான குளுவாங்கில் சொந்தக்காரர்களும் கேட்டார்கள். தேவைதான் என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினேன்.

2. ஒன்பது மாதம்

எக்ஸ்பிரஸ் பஸ் கிடையாது, ஊருக்கு ஊர் நின்று போகும் பஸ் மட்டும்தான். அது நானே போட்டுக்கொண்ட சட்டம். குளுவாங்கில் தொடங்கி மேற்குக் கரையோரமாக வடகோடியிலுள்ள பெர்லிஸ் வரை ஏறினேன். கிளந்தான் பக்கம் போய்க் கிழக்குக் கரை வழியாக இறங்கினேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் வரவேண்டிய நேரம், வந்த நேரம், மழையா வெயிலா என்று போனில் குறிப்பேன். லாட்ஜுக்குப் போனதும் லேப்டாப்பில் ஏற்றுவேன். முகம் கருத்துப் போனது, செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை.

திரும்பி வந்து மேப்பை இணையத்தில் போட்டேன். பஸ்கள் பெரும்பாலும் நேரத்துக்கு வருகின்றன, ரப்பர் தோட்டப் பக்கம்கூடத் தாமதம் சொற்பம் என்பதுதான் முடிவு.

சில நாளில் ஒரு பஸ் கம்பெனியின் மேலாளர் போன் செய்தார். குளுவாங் பக்கத்துச் சிம்பாங் ரெங்கத்திலிருந்து தோட்டங்களுக்குப் போகும் சாயங்கால பஸ்ஸை நிறுத்தப் போகிறார்களாம். ஜனங்கள் எதிர்ப்பதால் மண்டபத்தில் கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

“நாங்க ஒழுங்காதான் ஓட்டுறோம், ஏறத்தான் ஆளு இல்ல. உங்க மேப்பே சொல்லுதே மேடம். வந்து பேசுங்க லா.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒத்துக்கொண்டேன்.

3. ஆறே கால் பஸ்

கூட்டத்துக்கு முந்தின நாள் ஸ்லைடுக்குப் போட்டோ எடுக்க சிம்பாங் ரெங்கம் போனேன். ஸ்டாப்பில் ஆறே கால் பஸ்ஸுக்காகச் செல்வி என்ற பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும், மரச்சாமான் ஃபேக்டரி யூனிபார்ம் போட்டிருந்தாள். பேச்சுக் கொடுத்து, பெருமையாக என் மேப்பைக் காட்டினேன்.

“அலமாக்! இது எந்த ஊரு பஸ்ஸு அக்கா? இந்த வாரம் மட்டும் ரெண்டு நாள் வரவே இல்ல. வராத பஸ்ஸ எங்க எழுதியிருக்கீங்க?”



எழுதியிருந்தேன். பிறகு நானே நீக்கிவிட்டேன். பஸ் வராவிட்டால், வந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டம் உள்ள வரிசைகளை ஒரே கட்டளையில் தூக்கிவிட்டுத்தான் கணக்கையே தொடங்குவோம்; எங்கள் தொழிலில் அது பல் விளக்குவது மாதிரி. அந்தப் பழக்கத்தில் வராத பஸ் அத்தனையும் போய், வந்த பஸ்கள் மட்டும் மேப்பில் மிஞ்சின. நானோ பயணத்தில் பஸ் வராதபோதெல்லாம் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வாடகைக் காரைக் கூப்பிட்டுப் போனவள்.

“வராத நாள்ல எப்படிம்மா வீட்டுக்குப் போவ?”

“யாராச்சும் மோட்டார் சைக்கிள்ல ஏத்திட்டுப் போவாங்க. இல்லன்னா நடைதான். வருமா வராதான்னு தெரியாமதான் பாதிப் பேரு இந்த பஸ்ஸையே விட்டுட்டாங்க. சுத்தமா நிறுத்திட்டா நானும் வேலைய விட வேண்டியதுதான். ரெண்டு புள்ளைங்கள வீட்டுல வச்சுட்டு எத்தன நாளு அக்கா நடக்குறது?”

அன்றும் பஸ் வரவில்லை. அவளை வாடகைக் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் என் மேல் எனக்கே ஆத்திரம்.

4. மண்டபம்

நல்லவேளை, முதலில் எழுதிய ஃபைல் அப்படியே இருந்தது. நீக்கிய வரிசைகளைத் திரும்பச் சேர்த்து மேப்பைப் புதிதாகப் போட்டேன். மண்டப வாசலில் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“இப்ப போய் மாத்தாதீங்க மேடம். உங்களக் கன்சல்டன்ட்டா போடலாம்னு பேசிட்டு இருக்கோம்.”

“போட வேணாம் சார்.”

மைக்கைப் பிடித்தேன். “நான் இணையத்துல போட்ட மேப் தப்பு. வராத பஸ்ஸ எல்லாம் அழிச்சுட்டுக் கணக்குப் பார்த்தவ நான்தான். இதுதான் சரியான மேப்.” வராத பஸ்ஸுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். தோட்டப் பாதைகளில் சிவப்பு அப்பிக் கிடந்தது.

மேலாளர் எழுந்தார். “ஒரே ஒரு ஆளு நின்னு பார்த்தத வச்சு எப்படிச் சொல்றீங்க?”

“நல்ல கேள்வி சார். நேத்து வரைக்கும் இதே ஒரு ஆளு பார்த்ததுதானே உங்களுக்கு ஆதாரம்?”

மண்டபத்தில் ஒரே சத்தம். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, பஸ்ஸை நிறுத்தக்கூடாது, ஓடாத நாளையும் சேர்த்துத் தினமும் பதிய வேண்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். முழு வெற்றி இல்லைதான். ஆனால் பஸ் நிற்கவில்லை.

வெளியே வரும்போது மேலாளர் சொன்னார்: “உங்க பேருதான் கெட்டுப்போச்சு மேடம். தப்புப் பண்ணேன்னு நீங்களே மைக்குல சொல்லிட்டீங்க. இனிமே யாரு உங்க டேட்டாவ நம்புவா?”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். காலிக் கட்டத்தை நீக்குமுன் அது ஏன் காலி என்று கேளுங்கள். கேட்க மறந்து தப்பாகச் சொல்லிவிட்டால், ஊரறியச் சொன்னதை ஊரறியத் திருத்துங்கள். பேர் கெடும். கெட்டால் கெடட்டும். செல்வி வேலையை விடவில்லை.