பேழைக்கு வெளியே

எங்கள் சபையில் அந்த வீடியோவைப் பற்றி இப்போது யாரும் என் முன்னால் பேசுவதில்லை. பேசினால் இவளுக்குக் கோபம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வரத்தான் செய்யும்.

நான் பத்தாவது தாண்டாதவள். வீட்டில் வைத்து பிளவுஸ் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறேன். காலையில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாமல் ஒருநாளும் தையல் மிஷினில் கால் வைத்ததில்லை. அப்படிப்பட்ட என்னைப் போய் 'பருவநிலை மாற்றம்' பற்றி ஒரு பாட்டு வீடியோ செய்யச் சொன்னது எங்கள் ஐயர்தான். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். சுற்றுச்சூழல் ஞாயிறுக்காகச் சபைகளுக்குள் போட்டியாம். பொம்மைப் படம் ஓடவேண்டும், கூடவே பாட்டு வேண்டும்.

"உங்களுக்குத் துணி வெட்டவும் தெரியும், பாடவும் தெரியும். வேற யாரு செய்வா?" என்றார்.

நான் ஒத்துக்கொண்டது ஒரே ஒருத்திக்காக. பக்கத்து வீட்டுக்காரி. சொந்தம் கிடையாது, மதினி என்று கூப்பிடுவேன். கிறிஸ்துமஸுக்கு முந்தி வந்த அந்தப் பெருவெள்ளத்தில் போய்விட்டாள். ஆறு தெருவுக்குள் ஏறினதும் நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்கு ஓடினோம். பாதி வழியில் மதினி தன் மகளை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். "ஆடு கெட்டிக் கெடக்கு, அவுத்து விட்டுட்டு வாரேன்" என்று திரும்பிப் போனாள். ஆடுகள் மூன்றும் நீந்தி வந்து சேர்ந்தன. மதினி வரவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டு ஜெபக் கூட்டம் வைத்தோம். அங்கே ஒருத்தி, அவள் பேர் நல்லா இருக்கட்டும், "ஞாயித்துக்கிழமையும் கோவிலுக்கு வராம பீடி சுத்துனாள்லா, ஆண்டவர் எத்தனை நாள் பொறுப்பார்?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மகள் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக. அன்றைக்கு நின்றது அந்தப் பிள்ளை கோவிலுக்கு வருவது.

நான் கேட்கிறேன், புருஷன் இல்லாத வீட்டில் பீடி சுற்றாமல் வேறு என்னத்தைச் சுற்றுவாள்? மதினி வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது, வண்டி கிடையாது. கரண்ட் என்றால் ஒரு பல்பும் ஒரு ஃபேனும்தான். உலகத்தில் எவனெவனோ புகையை விட்டு வெயிலைக் கூட்டுகிறான், கடல் சூடாகிறது, சூடான கடல் மேகத்துக்கு வரைமுறை இல்லாமல் தண்ணீர் ஏற்றிவிடுகிறது என்று ஐயரே எனக்கு விளக்கிச் சொன்னார். இதில் எனக்கு விளங்காதது ஒன்றும் இல்லை. அடுப்பைக் கூட்டிக்கொண்டே போனால் பானை பொங்கத்தானே செய்யும். எவனோ கூட்டிய அடுப்பு, கொட்டினது மதினி தலையில். செய்தது மனுஷன். பழி மட்டும் ஆண்டவருக்கும் பீடி சுற்றினவளுக்குமா?

அந்தக் கோபத்தில்தான் பாட்டே வந்தது. "பெஞ்ச மழை யாரு கூட்டின மழை?" என்று முதல் வரி.

மதினியைத்தான் படத்தில் காட்டப்போகிறேன் என்று அவள் மகளிடம் போய்ச் சொன்னேன். முறத்தை, எங்கள் பேச்சில் சுளகை, மடியில் வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "எங்க அம்மைய நல்லபடியா காட்டுவியளா அத்தை?" என்று கேட்டாள்.

"காட்டுவேன்ட்டி. நீ அன்னைக்கு மட்டும் கோவிலுக்கு வா."

"சிரிக்க மாட்டாவள்லா?"

"எவ சிரிக்கான்னு நான் பாக்கேன்" என்றேன்.

மதினிக்குக் கடைசியாகத் தைத்த பச்சை பிளவுஸில் மிஞ்சிய துண்டு என்னிடம் இருந்தது. அதில்தான் அவளை வெட்டினேன். நீல லைனிங் துணியில் ஆறு. பழைய பேன்ட் துணியில் அவள் வீடு, கதவு மட்டும் அவள் வீட்டுக் கதவைப் போலவே மஞ்சள். பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு நடுவில் ஒரு ஓட்டை இருக்கும் அல்லவா, அதன் மேல் போனைப் படுக்க வைத்தால் கேமரா கீழே பார்க்கும். ஸ்டூலுக்கு அடியில் துணியைப் பரப்பி, நூலளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் நூலளவு நகர்த்தி ஒரு போட்டோ. ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து என் வீட்டுக்காரர்தான் பட்டனை அமுக்குவார்.

"இந்தக் கணக்குல போனா ஆறு கடல்ல சேருமுன்ன நமக்குப் பேரன் பொறந்துருவான் போலிருக்கே."

"வாய மூடிட்டு அமுக்கும். உம்ம காலுதான் படத்துல விழுது, மதினி வீட்டு மேல மலை இடிஞ்சு விழுந்தாப்ல இருக்கு."

எடுத்த படங்களைச் சேர்த்து ஓட்டிக் கொடுக்கும் வேலையைச் சபைச் செகரட்டரி அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருக்கிறார். "மத்ததை நான் பாத்துக்கிடுதேன் தங்கச்சி" என்றார். பார்த்துக்கொண்டார்!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி வீடியோவைப் போட்டார்கள். மதினி மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் குரல் கேட்டது. நீலத்துணி ஆறு வந்தது, மஞ்சள் கதவு வந்தது, ஆடுகள் வந்தன. அந்தப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பச்சை பிளவுஸ் வரவேண்டிய இடத்தில் வேறு ஒரு உருவம் வந்தது. தாடியும் கிழிந்த அங்கியுமாக, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு.

முன்வரிசையில் இருந்த சண்டே ஸ்கூல் பிள்ளைகள், "ஐ, பாவி! பாவி!" என்று கை நீட்டிக் கத்தினார்கள்.

அதுகள் மேல் குற்றம் இல்லை. சண்டே ஸ்கூலில், வேதத்தில் வரும் ஜலப்பிரளய வெள்ளத்தின் அட்டைப் படம் ஒன்று உண்டு. பேழை என்கிற பெரிய கப்பலுக்குள் இருக்கிறவர்கள் நீதிமான்கள், வெளியே கையைத் தூக்கிக்கொண்டு முங்குகிறவர்கள் பாவிகள். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் படத்தில் இருந்த பாவியை வெட்டி எடுத்து மதினி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார் செகரட்டரி.

என் முந்தானையில் பிடி விட்டது. திரும்பினேன். அந்தப் பிள்ளை எழுந்து போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. எல்லாரும் பார்க்க, நடு வழியில் நடந்து போனாள்.

கோவிலுக்குள் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "யாரைக் கேட்டு அண்ணாச்சி இப்பிடிச் செஞ்சிய?"

"உன் பொம்மை கெடந்து குலுங்குது தங்கச்சி. போட்டிக்குப் போறதுல்லா? அதான் நல்ல படமா ஒண்ணு எடுத்துப் போட்டேன். மனந்திரும்புங்கன்னு ஒரு செய்தியும் ஆச்சு."

"நல்ல படம் வேணும்னா பேழைக்குள்ள இருக்க ஆளு ஒண்ணை எடுக்க வேண்டியதுதான? வெளிய நிக்க ஆளுதான் உம்ம கண்ணுக்குத் தெரிஞ்சுச்சோ?"

"நீ சும்மா கெட. படம்தான."

"உம்ம ஸ்டூடியோவுக்குள்ளயும் இடுப்பளவு தண்ணி நின்னுச்சே. நீரு என்ன பாவம் செஞ்சீரு? சபைக்கு முன்னால சொல்லும், கேப்போம்!"

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். செகரட்டரிக்கு முகம் செத்துப்போனது. ஐயர் எழுந்து வந்து, "அம்மா, சமாதானமா பேசிக்கிடலாம், உட்காருங்க" என்றார்.

"சமாதானம் எனக்கு எதுக்குய்யா? வெளிய போன பிள்ளைக்குக் குடுங்க."

ஐயர் நல்லவர். ஆனால் மறுநாள் வீடியோவை அனுப்பக் கடைசி நாள், மாற்ற நேரமில்லை, கீழே ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம் என்றார். என்ன வரி? 'இது பாவி அல்ல' என்றா? என் குரலை அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாட்டில்லாமல் எப்படி என்றார் செகரட்டரி. உம்ம பாவியைப் பாடச் சொல்லும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கீபோர்டு வாசிப்பைப் போட்டு அனுப்பினார்களாம். பரிசு வந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஆண்டவரிடம் இந்தக் கோபத்தை எடுத்துவிடும் என்று ஜெபிக்கத்தான் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. அவருக்கும் கோபமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவர் பேரையும்தானே கெடுத்தார்கள்.

படங்கள் எல்லாம் எங்கள் போனிலேயே இருந்தன. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டுக் கேட்டு, அவற்றைச் சேர்த்து ஓட்டப் படித்துக்கொண்டார். இரண்டு பேருமாக மதினி வீட்டுக்குப் போனோம். அந்தப் பிள்ளை வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நாங்களே உட்கார்ந்தோம். போனை அவள் சுளகின் ஓரத்தில் சாய்த்து வைத்து ஓட்டினார்.

பச்சை பிளவுஸ் நகர்ந்து நகர்ந்து தெருவில் போனது.

ஓடி முடிந்ததும், "எங்க அம்மை இவ்வளவு பையவா போவா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்து, ஒன்று விட்டு ஒரு படத்தை அழித்தார். மறுபடி ஓட்டினார்.

"இன்னும் வெரசா போவா."

இன்னும் அழித்தார். இப்போது மதினி விறுவிறு என்று போனாள். அவள் நடைதான். குலுங்கியது, ஆனால் அவளேதான். கதவைத் தாண்டி ஆட்டிடம் போய்க் குனிந்தாள். அடுத்து வருவது நீலத்துணி. என் வீட்டுக்காரர் விரலை வைத்து நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதிய மாமா" என்றாள் அந்தப் பிள்ளை. "அவ அவுத்து விட்டதைப் பாக்கணும்லா."