அத்தை உட்கார்ந்த ஞாயிறு

யூத விசுவாசிகளுக்கு ஆதிக் கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய நிருபத்தைப் பற்றி அடுத்த ஞாயிறு நான் பேச வேண்டும் என்று போதகர் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ஆசாரியன், கூடாரம், ஆட்டு ரத்தம், மறுபடியும் ஆசாரியன். கண்ணைக் கட்டியது.

கைவிடவும் மனமில்லை, காரணம் அத்தை. என் கணவரின் அம்மா எங்களோடு ஜெபக்கூடத்துக்கு வரத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. காணிக்கையாகக் கோழியோ தேனோ புளியோ கையில் இல்லாமல் வரமாட்டார். ஆராதனை முடியும்வரை பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டே இருப்பார். திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி.

"நா செஞ்சது பத்துமாம்மா? இன்னும் இன்னா செய்யணும்?"

போதும் என்பேன். அவர் முகம் தெளியாது. அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாத என்மேல் எனக்கே கோபம் வரும்.

அந்த வாரம் எங்கள் களத்தில் சாமை தூற்றினார்கள். நான் கண்ணமங்கலத்திலிருந்து மலைக்கு வாழ வந்தவள். வெயிலில் முறம் பிடித்துக் கால் கடுத்ததும், குவியல் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான், எல்லோரும் முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிடக் கை கழுவப் போய்விட்டார்கள். பாதிச் சாமை தூற்றாமல் கிடந்தது. அடுப்பில் குழம்பு இன்னும் கொதிக்கவே இல்லை.

அத்தை ஓடி வந்தார். "இன்னா பொண்ணு, உக்காந்துட்ட? வூட்டுக்காரங்க குவியலாண்ட உக்காந்தா வேல முடிஞ்சதுன்னு அர்த்தம். எந்திரி, அப்பதான் மறுபடி மொறத்தத் தொடுவாங்க."

களமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன், எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பழைய ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றபடியே பலி செலுத்தினார்கள், இயேசுவோ ஒரே தரம் தம்மையே கொடுத்துவிட்டு உட்கார்ந்தார் என்று அந்த நிருபம் சொல்கிறது. உட்கார்ந்தார் என்பதை ஏதோ மரியாதைக்குச் சொன்னதாக நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஞாயிறு அன்று கூடாரத்தை விட்டுவிட்டுக் களத்துக் கதையைத்தான் சொன்னேன். என் மானம் போனதையும் மறைக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும், ஆசாரியர்கள் நின்றதையும் இயேசு உட்கார்ந்ததையும் சொன்னேன்.

பின்சுவர் ஓரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவுரு உக்காந்துட்டாரா?"

"உக்காந்துட்டாரு அத்தை."

"அப்ப வேல முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

அத்தை கையிலிருந்த கோழியைக் கீழே விட்டார். பாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கோழி அவர் கக்கத்தில் இருந்தது. வழக்கமான இடம் வந்ததும் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"கொழம்பு வெக்கலாமா, வறுக்கலாமா?" என்றார்.