நீனாவின் மகள் முள்ளியவளைக்கு வந்த நாள்

காலை பத்தரை மணிக்கு அநுராதபுரத்திலிருந்து வந்த றெயில் வவுனியாவில் நின்றது. இறங்கியவர்களில் ஒரேயொருத்திதான் வெள்ளைக்காரி. நான் கடைசியாகக் கண்டபோது லேனாவுக்கு ஒன்பது வயது, இரட்டைப் பின்னலில் வெள்ளை ரிபன். இப்போது தலை நரைத்திருந்தது. சிரிக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சிவா மாமா, கிழவனாப் போனீங்கள்" என்றாள். பிறகு என் விலா எலும்பு நோகுமளவுக்குக் கட்டிப்பிடித்தாள். அவள் ருஷ்ய மொழியில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

சுற்றுலாக் குழுவோடு இலங்கைக்கு வந்தவள், ஒரு பகலை எனக்காக ஒதுக்கியிருந்தாள். என் மகள் இணையத்தில் போட்ட ஒரு பழைய படம் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குள் அவள் அநுராதபுர விடுதிக்குத் திரும்பவேண்டும். அதற்குள் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன்.

வானுக்கு ஒரு நாள் வாடகை இருபதினாயிரம். ஓட்டுநர் ராசு ஜெயபுரத்துக்காரன். பாட்டன் காலத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம். புளியங்குளம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்:

"ஐயா, இந்தம்மாவுக்கு நம்ம மேல ஏதும் கோவமா? சிரிக்கவே மாட்டேங்கிறாங்க."

"அவையள் சும்மா சிரிக்கமாட்டினம் ராசு. சிரிச்சால் அது உண்மை."

"அப்ப என் வீட்டுக்காரியும் ருஷ்யாவாத்தான் இருக்கணும்."

நான் மொழிபெயர்க்கவில்லை. லேனா யன்னலால் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாங்குளத்தில் செவ்விளநீர் குடித்தோம், ஒன்று இருநூறு ரூபாய். கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் பாதையில் போகும்போது, கூரையில்லாத ஒரு வீட்டைக் கண்டு வானை மெதுவாக விடச் சொன்னாள். சுவரில் சன்னம் பட்ட துளைகள், உள்ளே ஒரு வேம்பு வளர்ந்திருந்தது. "எங்கடை வொரோனெஷும் அம்மாவின்ரை சின்ன வயசிலை, ஜேர்மன்காரனோடை நடந்த சண்டையிலை, இப்பிடித்தான் கிடந்ததாம். முழுக்கத் திரும்பக் கட்டினவை" என்றாள். அவளுடைய மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "பட்டாளத்திலை" என்றுவிட்டு யன்னலை மூடினாள். வன்னியில் இருப்பவனுக்கு அதற்குமேல் கேட்கக்கூடாது என்று தெரியும்.

வொரோனெஷ் ருஷ்யாவில் ஆற்றோரமுள்ள நகரம். நீர்ப்பாசனப் பொறியியல் படிக்கப் போய் அங்கே ஐந்து வருடம் இருந்தேன். எங்கள் மாணவர் விடுதியின் சாவிகளுக்குப் பொறுப்பானவர் லேனாவின் தாய் நீனா. முதல் குளிரில் எனக்கு நெஞ்சுச் சளி பிடித்தபோது தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பதினேழு நாள் வைத்துப் பார்த்தவர். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் சாப்பாடு. ருஷ்யர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தூரப் பயணம் புறப்பட்டால் வீட்டிலுள்ள எல்லோரும், கதிரை போதாவிட்டால் பெட்டிமேலாவது, ஒரு நிமிடம் பேசாமல் குந்தியிருப்பார்கள். மூத்தவர் எழும்பியதும் மற்றவர்கள் எழும்புவார்கள். அப்போதுதான் வழி நல்லபடி அமையுமாம். விடுமுறைக்கு நான் மொஸ்கோ போனாலும் நீனா என்னை இருத்தித்தான் அனுப்புவார்.

ஒன்றரை மணிக்கு முள்ளியவளையில் என் வீடு. என் மனைவி புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தா. லேனா போதும் என்று கைகாட்ட, "என்ன பிள்ளை, கோழி கொத்தினமாதிரி!" என்று இன்னொரு அகப்பை போட்டா. லேனா என்னைப் பார்த்தாள். நீனாவும் அப்படித்தான் போடுவார்.

மூன்று மணிக்கு வற்றாப்பளை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லுமுன்னரே லேனா கழுத்துத் துணியை எடுத்துத் தலையில் கட்டிவிட்டாள். அவர்களின் தேவாலயத்தில் பெண்கள் அப்படித்தான் போவார்கள். மூன்று வருடத்துக்கு முன் இறந்த தாய்க்காக ஒரு விளக்கு ஏற்றினாள். பிறகு நந்திக்கடல் கரைக்கு நடந்தோம். அங்கே சொன்னேன்.

"லேனா, உன்ரை அப்பா செத்து, அவரைத் தாட்ட மறுநாள் நான் சொல்லாமல் ஊருக்கு வந்தனான்."

"தெரியும்."

"நாப்பதாம் நாள் சடங்கு வரை நிண்டு போ, வீட்டிலை ஆம்பிளை இல்லை எண்டு அம்மா கேட்டவா. எங்கடை ஊரிலை செத்தவீட்டாலை வெளிக்கிடேக்கை 'போட்டு வாறன்' எண்டு சொல்லுறேல்லை. அந்த வழக்கத்தை எனக்கு நானே சாட்டாச் சொன்னனான். உண்மை அதில்லை. இஞ்சை வேலை காத்திருந்தது, பிந்தினால் போயிடும் எண்ட பயம். அம்மாவின்ரை முகத்தைப் பாத்தால் நிண்டுடுவன் எண்டும் பயம். ஐஞ்சு வருசம் சோறு போட்டவவுக்கு நாப்பது நாள் குடுக்கேல்லை. வந்த கடிதங்களுக்கும் வெக்கத்திலை பதில் போடேல்லை."

அவள் தலைத் துணியை அவிழ்த்துக் கழுத்தில் போட்டாள்.

"அம்மா உங்களிலை கோவிக்கேல்லை மாமா. தன்னிலைதான் கோவம். 'பிள்ளையை இருத்தி அனுப்பேல்லை' எண்டு சொல்லுவா. உங்கடை நாட்டுச் சண்டையை ரீவியிலை காட்டினால் எழும்பிக் குசினிக்குள்ளை போயிடுவா. தன்னாலைதான் உங்கடை வழி பிழைச்சதெண்டு கடைசிவரை நம்பினவா."

என்னைத் திட்டியிருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் குற்றத்தை அந்த மனுஷி தன் தலையில் சுமந்திருக்கிறார். நான் ஒரு வரி எழுதியிருந்தால் இறக்கி வைத்திருக்கலாம்.

நாலேகாலுக்கு வீட்டிலிருந்து புறப்பாடு. என் முழங்கால் இனி இன்னொரு ஓட்டம் தாங்காது. ராசுதான் அநுராதபுரம்வரை கொண்டுபோய் விடவேண்டும். பையை வாசலில் வைத்த லேனா திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். எங்களையும் இருக்கச் சொன்னாள்.

"நேரமாச்சுங்க ஐயா. இப்ப எதுக்கு உட்காரணும்?" என்றான் ராசு, சாவியும் கையுமாக.

"இருக்கச் சொன்னால் இரன் தம்பி" என்றா மனைவி. நந்திக்கடலிலிருந்து திரும்பியதும்தான் அவவுக்கு இந்தக் கதை முழுவதையும் சொல்லியிருந்தேன்.

நாலு பேரும் இருந்தோம். தெருவில் ஒரு சைக்கிள் போன சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் கழிந்திருக்கும். லேனா என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் மூத்தவன் நான். நான் எழும்பாமல் யாரும் எழும்ப முடியாது. எழும்பினால் அவள் போய்விடுவாள். அன்று வொரோனெஷில் நான் ஓடி ஒளிந்தது இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான்.

கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். "போட்டு வா பிள்ளை" என்று தமிழிலேயே சொன்னேன்.

எட்டு மணிக்கு ராசுவின் அழைப்பு வந்தது.

"அநுராதபுரத்துல இறக்கி விட்டாச்சுங்க ஐயா. வழியில ஒரு கரைச்சலும் இல்ல. அந்தம்மா ரெண்டு தரம் சிரிச்சாங்க."