தங்கபாய் அக்கா நிறுத்திய வண்டி

செய்தி வந்தபோது நான் வடசேரி சந்தையில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தேன். தங்கபாய் அக்காவின் மகள் ஷீபாவின் அழைப்பு. "மாமா, அம்மை போயாச்சு" என்று மட்டும் சொன்னாள். சில மாதங்களாக எதிர்பார்த்ததுதான். ஆனாலும் வியாபாரி எடையைச் சொல்லிக்கொண்டே போக, எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

இராஜாக்கமங்கலம் பக்கத்துத் தென்னை, வாழை விவசாயிகளான எங்கள் குழுவுக்குத் தங்கபாய் அக்கா தலைவர்; நான் செயலாளர். அக்கா வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் அறுவை அரங்கு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கணவர் காலமான பின் தோப்பைத் தானே பார்த்துக்கொண்டார். எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் கூட்டத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "சத்தம் போட்டா எதிர்ல நிக்கப்பட்டவனுக்க கைதான் நடுங்கும். அவன் கையில கத்தி இருக்கும்லா" என்றார். அறுவை அரங்கில் பழகியது.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது டிராக்டர் வாங்கிய கதை. குழு உறுப்பினர்களான உங்களில் பலர் அன்று தோப்பில் இருந்தீர்கள். ஆனால் முன்னும் பின்னும் நடந்தது எல்லோருக்கும் தெரியாது.

லாரியில் சாய்த்த பலகை வழியே உரமூட்டை சுமந்து ஏறிய எங்கள் குழுப் பெண் ரெஜினா, மழையில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் சுமை தூக்கும் லோடர் பொருத்திய சிறிய டிராக்டர் ஒன்றைக் குழுவுக்கு வாங்குவது என்று முடிவு செய்தோம். இனி எந்தப் பெண்ணும் பலகையில் ஏறக்கூடாது என்பது அக்காவின் ஒரே நிபந்தனை.

இரண்டு வண்டிகள் எங்கள் முன்னால் வந்தன. ஒன்றின் விவரத்தாளில் அறுநூறு கிலோ தூக்கும் என்றிருந்தது. மற்றொன்றில் நானூற்றைம்பது. முதல் வண்டியை விற்பவர் அக்காவின் மருமகன் ஜெயசிங், ஷீபாவின் கணவர். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தலைவர் வீட்டு வண்டி, அதிலும் கூடுதலாகத் தூக்குகிறது; பேசி முடித்தது போலவே உறுப்பினர்கள் நடந்துகொண்டார்கள்.

அக்கா மட்டும் இரண்டு கடைக்கும் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்: "எந்த எடத்துல வச்சு, எவ்வளவு ஒயரத்துக்கு?" பதில் வந்தபோது இரண்டும் வேறு வேறு கணக்கு என்று தெரிந்தது. அறுநூறு என்பது லோடர் கையும் பக்கெட்டும் சேரும் மூட்டிலேயே சுமை தொங்கினால். மூட்டில் யாரும் மூட்டை வைப்பதில்லை. பக்கெட்டுக்குள், மூட்டிலிருந்து முன்னால் தள்ளித்தான் வைக்கிறோம். தள்ளிவைக்க வைக்கத் தூக்கும் பலம் குறையும். அதோடு அது தரையை விட்டுக் கிளப்பும் கணக்கு. லாரி உயரத்துக்கு அல்ல. மற்ற வண்டியின் நானூற்றைம்பதோ பக்கெட்டின் நடுவில், முழு உயரத்தில். அதுபோக, சிறிய வண்டி கனமான சுமையை உயரத் தூக்கினால் பின்சக்கரம் கிளம்பும். பின்னால் எடை கட்ட வேண்டும். ஜெயசிங் காட்டிய வண்டியில் அந்த எடை இல்லை.

எனக்குக் குடும்பம் உடைந்துவிடுமோ என்ற பயம். தலைவர் வராத நாளில் கூட்டம் கூட்டி, நாங்களே அந்த வண்டி வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிடுகிறோம் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை. "நான் இல்லாத எடத்துல நீங்க வேண்டாம்னா எனக்க குடும்பம் தப்பிக்கும். அந்த வண்டிய வேற ஒருத்தன் வாங்குவான். அவனுக்கு யாரு சொல்லுவா?" என்றார். இரண்டு வண்டியையும் தோப்புக்கே கொண்டுவரச் சொல்லி, ஒரே சுமையை லாரி வரை தூக்கிக் காட்டும்படி கேட்டார்.

ஜெயசிங் சிரித்த முகமாகத்தான் வந்தார். பக்கெட்டில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். அவர் கடை டிரைவர் ஓட்டினார். இடுப்பு உயரம் வரை வண்டி அலட்டிக்கொள்ளாமல் தூக்கியது. இரண்டு பேர் கைதட்டினார்கள். அதற்கு மேல் லோடர் கை திணறியது. டிரைவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். பக்கெட் ஒருவழியாக லாரி உயரத்துக்குப் போனதும் வண்டியைத் திருப்பினார். வாய்க்கால் பக்கம் சரிந்த தரை அது. பின்சக்கரம் ஒன்று மண்ணை விட்டு எழும்பியது. மூட்டைகள் சாய்ந்த பக்கத்தில், லாரியின் ஓரமாக, அப்போதுதான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்த ரெஜினா நின்றுகொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஒன்றாகக் கத்தினோம். திருப்பு என்றார் ஒருவர், குதி என்றார் இன்னொருவர். டிரைவர் முகம் வெளுத்து எந்தப் பக்கமும் அசையாமல் இருந்தார். அக்கா எங்களைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார். சத்தம் நின்றது.

"ரெஜினா, லாரிக்க பொறத்த போ" என்றார். அவள் போகும் வரை காத்திருந்தார். பிறகு டிரைவரிடம், "மக்கா, என்னயப் பாரு. திருப்பாத. பெடல்ல இருந்து கால எடு. இனி கைய மட்டும் தாழ்த்து. பைய."

பக்கெட் இறங்கியது. சக்கரம் மண்ணைத் தொட்டபோது ஏற்பட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மற்ற வண்டியையும் அதே சுமையோடு பார்த்தோம். அதன் நானூற்றைம்பதைத் தாண்டிய சுமை என்பதால் அது லாரி வரை தூக்கவில்லை. நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. ஆனால் பின்னால் எடைப்பெட்டி இருந்ததால் நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. சுமையைக் குறைத்ததும் லாரி வரை போயிற்று.

சிறிது நேரம் கழித்து அக்கா நேராக ஜெயசிங்கிடம் வந்து, இந்த வண்டி எங்களுக்கு வேண்டாம் என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். தரை சரிவு, டிரைவர் புதுசு என்று ஜெயசிங் காரணம் சொன்னார். "இந்தத் தரையிலதான நாங்க ஓட்டணும்" என்றார் அக்கா.

"மாமி, இத எனக்க கடையில வச்சு சொல்லியிருக்கலாம்."

"கடையில சாய்ஞ்சிருக்காது, மருமவனே."

ஜெயசிங் கார் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஷீபாவின் அழைப்புகள் குறைந்தன. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் வரவில்லை. நாங்கள் மற்ற வண்டியை வாங்கினோம். சுமையைப் பிரித்து இரண்டு நடையாக ஏற்றுகிறோம். இப்போது அதை ஓட்டுவது ரெஜினா. கூட்டங்களில் அக்கா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நானாக ஒருமுறை கேட்டேன். "ஷீபாவ நினச்சா ஒறக்கம் வரல. ரெஜினாவ நினச்சா வேற வழியும் தெரியல" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

சிறுநீரகம் கெட்ட பிறகு ஜெயசிங்தான் அவரை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப்போனார். இருவரும் சாலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள் என்று ஷீபா சொல்லியிருக்கிறாள். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது ஜெயசிங்கே என்னிடம் வந்தார். திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் அதே வண்டியைக் கேட்டாராம். மலைச்சரிவு. அப்படியே விற்க மனம் வராமல், வண்டியை அங்கேயே கொண்டுபோய், ஆட்களை விலக்கி நிறுத்திச் சுமையேற்றிக் காட்டி, பின்னால் எடை கட்டாமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"அதுக்குப் பெறவு எல்லாருக்கும் அப்படித்தான் செய்யுகேன். மாமிகிட்ட சொல்லல. ஒவ்வொரு தடவ கார்ல கூட்டிட்டுப் போவும்போதும் சொல்லணும்னு இருப்பேன்" என்றார். அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அன்று பயமே இல்லாமல் நின்றார் என்று இரங்கல் கூட்டத்தில் பலர் பேசினீர்கள். பயந்தார். மற்ற வண்டியையும் பார்த்து முடிந்ததும் அவர் தோப்பு மோட்டார் அறைக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார். வாந்தி எடுத்திருந்தார். "ஷீபாவுக்க வீட்டுல இன்னைக்கு என்ன நடக்கும்னு தெரியல" என்றார். தண்ணீரை அவர் கையில் கொடுத்தேன். முகம் கழுவினார், சேலையைச் சரிசெய்தார். வண்டியைப் பற்றி முடிவு சொல்லாமல், உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவரோ மருமகன் நின்ற இடத்தை நோக்கி நடந்தார். அந்த நடையைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.