வடிவு வாங்கப் போன துண்டு

சண்முகவடிவை இப்போது எல்லோரும் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு வாய் கூசவில்லை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளான எங்கள் லயத்தில் அவளுக்கு அடுத்த காம்பரா என்னுடையது. அவளை எனக்குத் தெரியும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், காய்ச்சலோடு ரோட்டில் விழுந்து கிடந்த ஒருவனைப் பார்த்ததும், கொழுந்துக் கூடையை அப்படியே போட்டுவிட்டு அவனைத் தூக்கி வந்து தன் காம்பராவில் படுக்கவைத்தாள். யார், எவர் என்று ஒரு கேள்வி கிடையாது. வெளியாளை லயத்துக்குள் சேர்க்க, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அனுமதித் துண்டு எழுதி வாங்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அதையும் அவள் வாங்கவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. அவனிடம் ஒரு கடுதாசியும் இல்லை, இந்தியாவிலிருந்து களவாய் வந்த கள்ளத்தோணியாம். தொரை அவள் புருஷன் இராமையாவைத் தோட்டத்தை விட்டே விரட்டினார். கினிகத்தேனைப் பக்கம் வேலை தேடிப் போன மனுஷன் திரும்பவே இல்லை. "யோசிக்காம செஞ்சா இப்படித்தான்" என்று லயமே அவளுக்குப் புத்தி சொன்னது. நானும் சொன்னேன்.

அவள் யோசிக்கக் கற்றுக்கொண்டாள்.

அறுபத்தொன்று ஆடி மாசம். மழையால் வேலை நின்று எல்லோரும் லயத்தில் இருந்த மத்தியானம், முன்பின் தெரியாத ஒருத்தி நனைந்துபோய் வந்து வடிவின் இஸ்தோப்புத் திண்ணையில் சாய்ந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

"உள்ள கொஞ்சம் படுத்துக்கட்டுமாக்கா?"

வடிவின் கை கதவு வரை போய் நின்றுவிட்டது. என் வாசலிலிருந்து பார்த்தேன்.

"கொஞ்சம் பொறு தாயி. துண்டு வாங்கிட்டு ஓடியாந்துர்றேன்" என்றவள், தன் கம்பளியை அவள்மேல் போர்த்திவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினாள்.

கண்டாக்கு அவளை ஒரு மணி நேரம் வெளியே நிற்கவைத்துவிட்டு, வந்தவளின் பேரென்ன என்று கேட்டார். வடிவுக்குத் தெரியவில்லை. பேரில்லாமல் துண்டு எழுத முடியாது, கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவள் அந்தப் பெண்ணின் தோளை உலுக்கிப் பேரைக் கேட்டாள். மூன்று தரம் கேட்டாள். அப்புறம் என் கதவைத் தட்டினாள்.

"வீரம்மா, நீயாவது கேட்டியா?"

நான் கேட்கவில்லை. வடிவு ஓடியதிலிருந்தே கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தேன். என் காம்பராவுக்கும் துண்டு வேண்டுமே என்று யோசித்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டேன். பொய். எதையும் யோசிக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். லயத்தின் மற்றக் கதவுகளும் சாத்தியேதான் இருந்தன.

சாயங்காலம் அவளைப் புதைக்க அனுமதி கேட்டு நானும் வடிவும் போனோம். கண்டாக்கு உடனே துண்டு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பேர் வேண்டியிருக்கவில்லை.