கழுவாத லென்ஸ்

ஆய்வகத்தில் அவளுக்குத் 'தொடக்கி' என்று பட்டப்பெயர். பாலிமர் சங்கிலி வளர முதல் கண்ணியாக நிற்கும் சிறு மூலக்கூறுக்கும் அதுதான் பெயர். சண்டையையும் அவள்தான் தொடங்கி வைப்பாள் என்று சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் செய்த தொடக்கிக்கு இரண்டு தலை. ஒன்றிலிருந்து தண்ணீரோடு ஒட்டி உறவாடும் சங்கிலி வளரும். மற்றதிலிருந்து கண் லென்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் சங்கிலி. அதைப் பூசினால் லென்ஸ் நாள் முழுக்க ஈரமாக இருக்கும். லென்ஸ் போட்டாலே கண் எரியும் தங்கையை நினைத்துத்தான் இந்த வேலையில் இறங்கியிருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். சங்கிலி வளரச் செம்பு உப்பு வேண்டும். வளர்ந்தபின் அதைத் துளியும் மிச்சமில்லாமல் வெளியேற்ற வேண்டும். பாலிமரைச் சவ்வுப் பையில் கட்டி ஊறப்போட்டு, செம்பின் பச்சை நிறம் போன பிறகும் நாள்கணக்கில் நீரை மாற்றிக் கழுவ வேண்டும். சரக்கை அனுப்பும் அவசரத்தில் மேலாளர் அந்த வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்த லென்ஸோடு வைத்துச் சோதித்த கண் செல்கள் சுருண்டு செத்தன. ஆனாலும் லென்ஸ் பெட்டியில் 'கண்ணுக்கு இதமானது' என்று அச்சடித்தாயிற்று.

"துளியூண்டு மிச்சம். அதுக்குப் போய் ஏம்மா இப்படிக் குதிக்கிற?" என்றார் மேலாளர்.

அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. லென்ஸ் வாங்க வந்தவர்களோடு பேச மேலாளர் கூட்ட அறைக்குப் போனார். அவளும் நேரே உள்ளே போய், ஒரு லென்ஸைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதமானதுதானே சார்? நீங்க முதல்ல போட்டுக்கோங்க."

"எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு."

"பார்வை இருக்கு சார். பார்க்கத்தான் மாட்டேங்கிறீங்க."

சோதனையில் செல்கள் செத்ததையும் போட்டு உடைத்தாள். வந்தவர்களில் மூத்தவர், "அந்தச் செல் சோதனைப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். படத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சரக்கு நின்றது.

அவளைக் குடுவை கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லக்கா?" என்றாள் தங்கை.

"உன் கண்ணுல போடுறதுடி அது! எப்படிச் சும்மா இருக்கச் சொல்ற?"

சில மாதங்கள் கழித்து, முழுக்கக் கழுவிய பாலிமரைப் பூசிய லென்ஸ் சோதனையில் தேறியது. அதன் அறிமுக விழா மேடையில் மேலாளர், "தரத்தில் நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை" என்று முழங்கினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவள் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"செத்த செல்லைப் பார்த்துட்டுத்தான் அனுப்பச் சொன்னீங்க. அதையும் சொல்லிட்டு இறங்குங்க!"

நிர்வாகம் விசாரித்து, மறுவாரம் அவளுக்குப் பழைய மேசையைத் திரும்பக் கொடுத்தது. மேலாளர் மட்டும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கச் சொல்வதை அவளும் விடவில்லை.