ஐந்தாம் நம்பர் காட்டில் ஓர் உருவகம்

தோட்டத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவருக்குப் புரியும். மலாயாவில் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான்கு வருஷம் அந்தப் பாடு பட்டவன் நான்.

‘போல’ போனால்

‘சிங்கம் போல வந்தான்’ என்றால் உவமை. ‘போல’வை எடுத்துவிட்டு ஆளையே சிங்கம் என்றால் உருவகம், இதைத்தான் இங்கிலீஷ்காரன் மெட்டஃபர் என்கிறான் என்று விளக்கினேன். பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் முத்தையா, என் வயதுக்காரர், எழுந்து நின்றார்.

“வந்தது ஆளா சிங்கமா, அத மொதல்ல சொல்லுங்க வாத்தியாரே. நிக்கணுமா ஓடணுமான்னு எங்களுக்குத் தெரியணும்லா!”

வாய் திறக்காத வகுப்பு

மலாயாவில் சிங்கம் ஏது? அடுத்த வாரம் ‘எங்கள் துரை ஒரு புலி’ என்று இங்கிலீஷில் எழுதிப் படிக்கச் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துரைக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். இல்லை. விடியுமுன் ரப்பர் காட்டுக்குப் போகிறவர்கள் புலியின் பெயரைச் சொல்லமாட்டார்கள், சொன்னால் வந்துவிடுமாம். ‘பெரியவர்’ என்பார்களாம்.

“அதுதானய்யா மெட்டஃபர்!” என்று குதித்தேன். முத்தையாவின் மனைவி அஞ்சலைக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாங்க மரியாதைக்குச் சொல்றோம். நீங்க அதையும் பாடத்துல சேத்துட்டீங்களே!”

துரையிடம் சொன்னது

ஒருநாள் காலை முத்தையா ஆபீசுக்கு ஓடினார். ஐந்தாம் நம்பர் காட்டுப் பாதையில் பெரியவர் படுத்திருக்கிறார். அந்தப் பக்கம் அஞ்சலையும் ஆறு பெண்களும் பால்மரம் வெட்டுகிறார்கள். ஆபீசில் இருந்ததோ தமிழ் தெரியாத புதுத் துரை.

“ஓல்ட் மேன் இன் காடு, சார்!”

கிழவனை ஆபீசுக்கு வரச் சொல் என்றார் துரை, தலை நிமிராமல்.

“வெரி ஹங்ரி ஓல்ட் மேன், சார்!”

அப்படியானால் சோறு போட்டு அனுப்பு என்றார்.

முத்தையாவுக்கு அஞ்சலையின் முகம் கண்ணில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து வாயால் சொல்லாததை, “டைகர்!” என்று கத்தியே விட்டார். துரை துப்பாக்கியோடு ஓடி வானத்தைப் பார்த்துச் சுட, அது புதருக்குள் போனது. ஏழு பேரும் முழுசாகத் திரும்பினார்கள். கேள்விப்பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முத்தையாவுக்குத்தான் நிம்மதியில்லை. முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“இங்கிலீஷ்லதான் சொன்னேன் வாத்தியாரே. பெரியவருக்கு அது தெரியாதுல்லா?”

தெரியவே தெரியாது என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் நான் சத்தியம் செய்த பிறகுதான், நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, என் வகுப்பு முழுவதும் பயமில்லாமல் இங்கிலீஷ் பேசியது.